வாரத்தில் மூன்று நாள்தான் வகுப்பு என்கிறாள் மகள்: ஜெர்மனியில் படிக்கிறவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்

திருவட்டார் அப்பா:
நம்ம மாவட்டத்துப் பிள்ளைகள் அங்கே நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன். என் மகள் அக்டோபரில் கெம்னிட்ஸ் போய் மாஸ்டர்ஸ் சேர்ந்தாள், மெக்கானிக்கல் பக்கம். கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டியதால் வங்கியில் வீட்டுப் பத்திரம் இருக்கிறது, அங்கே ஒரு வருஷச் செலவுக்கென்று விசாவுக்கு முன்பே பிளாக்டு அக்கவுண்டில் போட வேண்டிய 11,904 யூரோவுக்காக ரப்பர் தோட்டத்தைப் பாட்டத்துக்குக் கொடுத்தேன். புலம்புவதற்காக இதைச் சொல்லவில்லை, நான் ஏன் கணக்குப் பார்க்கிறேன் என்று உங்களுக்குப் புரிய வேண்டும்.

போன வாரம் அவளிடமிருந்து வந்தவை இவை. திங்கள் ராத்திரி, கேன்டீனில் உருளைக்கிழங்கு உருண்டையும் சிவப்பு முட்டைக்கோசும். புதன் மத்தியானம், கார்ல் மார்க்ஸ் தலைச் சிலைக்கு முன்னால் நாலு பேராக நின்று ஒரு படம் (இதைப் பார்த்து எங்கள் ஊர்த் தோழர்கள் மட்டும் ரொம்ப சந்தோஷப்பட்டார்கள்). வியாழன் கிறிஸ்துமஸ் சந்தை, கையில் ஆவி பறக்கிற ஒரு கோப்பை. சனிக்கிழமை எங்கேயோ ஒரு பெரிய செங்கல் பாலம். ஞாயிறு போனே எடுக்கவில்லை. சரி, கிளாஸ் எப்போது என்று கேட்டால் "திங்கள், செவ்வாய், வியாழன், அவ்வளவுதான் அப்பா" என்கிறாள். இங்கே பி.இ. படிக்கும்போது காலை ஏழேகாலுக்குக் கல்லூரி பஸ் ஏறினால் சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் வீடு வருவாள், பாதி சனிக்கிழமையும் போய்விடும். பொய் சொல்கிற பிள்ளை இல்லை. ஆனாலும் மூன்று நாள் வகுப்புக்கா இவ்வளவு செலவு செய்து கடல் தாண்டி அனுப்பினோம்?

வடசேரி சந்தை:
அண்ணாச்சி, அந்தக் கோப்பையில் இருப்பது சாயா இல்லை. அவ்வளவுதான் சொல்வேன். அப்பன் பத்திரம் வைத்துக் கட்டுவான், பிள்ளைகள் அங்கே ஊர் சுற்றும், எங்கள் தெருவிலும் இதே கதைதான்.

மாத்தூர் தொட்டிப்பாலம்:
மாமா, நான் டிரெஸ்டனில் சிவில் மாஸ்டர்ஸ் படிக்கிறேன், வீடு அருவிக்கரைப் பக்கம். மகள் சொல்வது உண்மை. எனக்கும் வகுப்பு வாரத்தில் நாலு நாள்தான், அதிலும் ஒரு நாள் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். வடசேரி அண்ணன் சொன்னதற்குப் பிறகு வருகிறேன், முதலில் கணக்கு.

இங்கே பாடத்தைக் கிரெடிட்டில்தான் அளப்பார்கள். ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட், ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஆக ஒரு செமஸ்டருக்கு 750 முதல் 900 மணி நேரம். அதில் வாத்தியார் முன்னால் உட்கார்வது மூன்றில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். மீதி எல்லாம் நாமாகப் படிப்பது, ரிப்போர்ட் எழுதுவது, கணக்குப் போடுவது. அதற்கு டைம்டேபிளில் இடம் கிடையாது, அதனால் வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு லீவு மாதிரி தெரியும். விரிவுரைகளுக்குப் பெரும்பாலும் அட்டென்டன்ஸ் எடுக்க மாட்டார்கள், இன்டர்னல் மார்க் என்று ஒரு தர்மக் கணக்கும் கிடையாது. வகுப்புகள் பிப்ரவரி தொடக்கம் வரை ஓடும், அதன்பின் பரீட்சை, பல பாடங்களில் அந்த ஒரு பரீட்சைதான் முழு மதிப்பெண். இங்கே 1.0 தான் உச்சம், 4.0 வரை பாஸ், 5.0 என்றால் போச்சு. தோற்ற பாடத்தை எத்தனை தடவை திரும்ப எழுதலாம் என்பதற்கும் வரம்பு உண்டு, பல இடங்களில் மொத்தம் மூன்று வாய்ப்பு. அது முடிந்தால் அந்தப் படிப்பிலேயே தொடர முடியாது. நம்ம ஊர் மாதிரி அரியர் வைத்துக்கொண்டே கடைசி வருஷம் வரை போகிற கதை நடக்காது.

என் வாரத்தையே சொல்கிறேன், மகளுடையதும் ஏறக்குறைய இதே போலத்தான் இருக்கும்.

திங்கள். எங்கள் பல்கலையில் முதல் பீரியட் காலை 7:30-க்கு. டிசம்பரில் அந்த நேரம் இன்னும் விடிந்திருக்காது, இருட்டில் டிராம் ஏறிப் போக வேண்டும். நல்லவேளை எனக்கு 9:20-க்குத்தான் முதல் வகுப்பு. ஒவ்வொரு பீரியடும் ஒன்றரை மணி நேரம், நடுவே இருபது நிமிஷ இடைவெளி. அன்றைக்கு இரண்டு விரிவுரை. வாத்தியார் ஒன்றரை மணி நேரத்தில் தள்ளுகிற ஸ்லைடுகளை எனக்கு அன்று ராத்திரியும் மறுநாள் ராத்திரியும் உட்கார்ந்து பிரித்தால்தான் தலைக்குள் இறங்கும். மத்தியானம் மென்சாவில் (பல்கலைக் கேன்டீன்) சாப்பாடு, மாணவர் விலையில் நாலு யூரோவுக்குள் முடித்துவிடலாம். அந்த உருளைக்கிழங்கு உருண்டை எனக்கும் தெரியும், பழகப் பழகப் பிடிக்கும், முதல் வாரம் அழுகை வரும்.

செவ்வாய்தான் என் வாரத்திலேயே கனமான நாள். லேப். இங்கே கட்டுமானப் பொருள்களைச் சோதிக்கிற கூடத்துக்கு ஓட்டோ மோர் பெயர் வைத்திருக்கிறார்கள். பொருளுக்குள் எந்தத் திசையில் எவ்வளவு அழுத்தம் என்று வட்டம் போட்டுக் கண்டுபிடிக்கிற மோர்ஸ் சர்க்கிள் சிவில், மெக்கானிக்கல் படித்தவர்களுக்கு மறக்காது, மூன்றாம் செமஸ்டரில் காம்பஸ் வைத்து வட்டம் போட்டுத் தள்ளியிருப்போம். அந்த மோர் 1873-லிருந்து டிரெஸ்டனில்தான் பேராசிரியராக இருந்தார். நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரியில் அந்த வட்டம் எதற்கு என்று ஒருத்தரும் சொல்லவில்லை, போடு என்றார்கள், போட்டோம். இங்கே கான்கிரீட் பீமை மெஷினில் வைத்து மெதுவாக அழுத்துவார்கள், பக்கவாட்டில் விரிசல் சாய்வாக ஏறி வரும், அந்தச் சாய்வு ஏன் அந்தக் கோணத்தில் வருகிறது என்று கேட்பார்கள். அப்போதுதான் வட்டத்துக்கு உயிர் வரும். லேபுக்கு மட்டும் கட்டாயம் போக வேண்டும், போகாவிட்டால் பரீட்சையே எழுத விட மாட்டார்கள். அதற்கு ரிப்போர்ட் குழுவாக எழுதணும். என் குழுவில் ஒரு ஈரானியப் பெண், ஒரு சீனப் பையன், ஒரு ஜெர்மன். ஜெர்மன்காரன் சந்திப்புக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருப்பான், நாங்கள் மூன்று பேரும் ஓடுவோம்.

புதன் வகுப்பு இல்லை. மகள் மார்க்ஸ் தலைக்கு முன்னால் நின்ற நாள் இதுதான், இல்லையா? அந்தச் சிலை கெம்னிட்ஸ் நகர் நடுவிலேயே இருக்கிறது மாமா. ஏழு மீட்டர் உயரத் தலை, பீடத்தையும் சேர்த்தால் பதின்மூன்று மீட்டருக்கு மேல். 1953 முதல் 1990 வரை அந்த ஊர் பெயரே கார்ல் மார்க்ஸ் நகர்தான். ஊரில் யார் புதிதாக வந்தாலும் அங்கே ஒரு போட்டோ எடுக்காமல் இருக்க மாட்டார்கள், பத்து நிமிஷ வேலை. அதை வைத்து ஒரு நாள் முழுக்கச் சுற்றினாள் என்று நினைக்க வேண்டாம். என் புதன் என்றால் காலையில் நூலகம், மத்தியானம் டிபார்ட்மென்டில் ஹீவி வேலை. பேராசிரியர் குழுவுக்கு உதவி செய்கிற மாணவர் வேலையைத்தான் ஹீவி என்பார்கள், மணிக்கணக்கில் சம்பளம்.

வியாழன், வெள்ளி பெரிதாக ஒன்றுமில்லை. வகுப்பு, சாயங்காலம் ஜெர்மன் மொழி வகுப்பு, வெள்ளிக்கிழமை ஒரு கணக்குப் பயிற்சி, துணி துவைக்கிற மெஷினுக்கு நேரம் பிடிப்பது.

சனிக்கிழமை வெளியே போவோம். அது தனியாக எழுத வேண்டிய விஷயம், இப்போது வேலைக்கு நேரமாகிவிட்டது, ராத்திரி வருகிறேன்.

நாகர்கோவில் டீச்சர்:
தம்பி எழுதியது நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு பக்கம் மட்டும்தான். இருபது வருஷத்துக்கு மேலாக சிவில் பாடம் நடத்துகிறேன் (மோர்ஸ் சர்க்கிள் உட்பட, எதற்கு என்று சொல்லித்தான் நடத்தினேன் என்று நம்புகிறேன்). நம்ம பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பிலிருந்து பி.இ. முடிக்கும் வரை யாரோ ஒருவர் பின்னால் நின்று தள்ளித்தான் படித்தவர்கள். 75 சதவீத அட்டென்டன்ஸ், மூன்று இன்டர்னல், அசைன்மென்ட், வீட்டுக்கு போன், எல்லாமே தள்ளுவதற்கான ஏற்பாடுதான். திடீரென்று யாருமே தள்ளாத இடத்தில் கொண்டு போய் விட்டால் எல்லாரும் தானாக ஓடுவார்களா? ஓடாதவர்களை நான் பார்த்திருக்கிறேன். என் மாணவர்களில் ஒருவன் முதல் செமஸ்டரில் ஒரே ஒரு பாடம் பாஸ், அது வீட்டுக்குத் தெரிய ஒன்றரை வருஷம் ஆனது. அப்பா கேட்கிற கேள்வியில் நியாயம் இருக்கிறது.

வடசேரி சந்தை:
அதைத்தான் நானும் சொன்னேன் டீச்சர்.

நாகர்கோவில் டீச்சர்:
நீங்கள் சொன்னது அதில்லை. நீங்கள் கோப்பையைப் பற்றிச் சொன்னீர்கள்.

குளச்சல் நர்ஸ் அக்கா:
எல்லாரும் மாஸ்டர்ஸ் வாரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், நம்ம மாவட்டத்திலிருந்து இப்போது நர்சிங் பயிற்சிக்கும் நிறையப் பேர் வருகிறார்கள், அவர்களுக்கும் உபயோகமாக இருக்கட்டும். நான் லைப்சிக் பக்கம் ஒரு மருத்துவமனையில் அவுஸ்பில்டுங் (சம்பளத்தோடு வேலைப் பயிற்சி) இரண்டாம் வருஷம். மூன்று வருஷப் படிப்பு, அதில் பள்ளிக்கூடப் பாடம் 2,100 மணி நேரம், வார்டில் வேலை 2,500 மணி நேரம். எங்களுக்கு "புதன்கிழமை வகுப்பு இல்லை" என்கிற பேச்சே இல்லை. சில வாரம் முழுக்கப் பள்ளி, காலை முதல் மத்தியானம் தாண்டி ஜெர்மனில் உடற்கூறியல். சில வாரம் முழுக்க வார்டு, ஆறு மணி ஷிஃப்டுக்கு நாலரைக்கு எழுந்திருக்கணும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவைதான் சனி ஞாயிறு சேர்ந்து கிடைக்கும். பள்ளிக்கும் வராமல் இருந்தால் எழுதி வைப்பார்கள், விடுப்பு ஒரு அளவைத் தாண்டினால் இறுதிப் பரீட்சை எழுத முடியாது. அதற்குப் பதிலாக முதல் வருஷத்திலேயே மாதம் 1,300 யூரோவுக்கு மேல் உதவித்தொகை உண்டு, வரியும் இன்சூரன்சும் அதில் பிடிப்பார்கள். வீட்டில் பத்திரம் வைக்கவில்லை, பி2 நிலை ஜெர்மன் பரீட்சை பாஸாக ஒரு வருஷம் மார்த்தாண்டத்தில் வகுப்புக்குப் போனேன், அதுதான் செலவு.

என் வெளிச் சுற்றல் எல்லாம் வார நாளில். ஷிஃப்ட் முடிந்து செவ்வாய் லீவு கிடைத்தால் ரயில் ஏறி சாக்சன் சுவிட்சர்லாந்து மலைக்குப் போவேன். பேரைக் கேட்டுச் சுவிட்சர்லாந்து என்று நினைக்காதீர்கள், டிரெஸ்டனுக்குப் பக்கத்தில் எல்பே ஆற்றங்கரை மணற்கல் மலை. டிரெஸ்டனிலிருந்து எஸ் 1 ரயிலில் ராத்தன் ஸ்டேஷனில் இறங்கினால் ஆற்றைக் கடக்க ஒரு படகு. கடற்கரைப் பிள்ளை என்பதால் முதலில் பார்த்தது அந்தப் படகைத்தான். எஞ்சினே கிடையாது. ஆற்றுக்கு மேல்பக்கம் நங்கூரமிட்ட நீளமான வடத்தில் படகைக் கட்டியிருக்கிறார்கள், படகைக் கொஞ்சம் சாய்வாகத் திருப்பினால் ஓட்டமே அதை அக்கரைக்குத் தள்ளிவிடுகிறது. அப்பாவுக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன், நாலு தடவை போட்டுப் பார்த்தாராம். அங்கிருந்து ஏறினால் பாஸ்டை பாறை, ஆற்றுக்கு மேலே 194 மீட்டர். பாறைக்குப் பாறை கல்லால் கட்டிய பாலம் 1851-லேயே கட்டியது. வார நாளில் போனால் கூட்டம் கம்மி, ஞாயிற்றுக்கிழமை போய்விடாதீர்கள்.

தேங்காய்ப்பட்டணம் சாளை:
அக்கா, தம்பி, எல்லாம் சரி, மீன் கிடைக்குமா? என் தம்பி மார்ச்சில் வருகிறான், அவனுக்கு அதுதான் முதல் சந்தேகம்.

குளச்சல் நர்ஸ் அக்கா:
ஏஷியன் கடையில் ஐஸில் வைத்த அயிலை கிடைக்கும், சாளை சில நேரம். நம்ம ஊர் ருசியை எதிர்பார்க்காதே. மரச்சீனிக் கிழங்கு ஆப்பிரிக்கக் கடையில் தோலுரித்து ஐஸில் வைத்திருப்பார்கள், அது ரொம்ப நல்லா வேகும். காமன் கிச்சனில் மீன் பொரிக்கும்போது ஜன்னலைத் திறந்து வை, இல்லாவிட்டால் புகை அலாரம் அடித்து மாடி முழுக்க கீழே இறங்கி நிற்கும், அப்புறம் அந்த வருஷம் முழுக்க நீதான் மீன்காரன்.

மாத்தூர் தொட்டிப்பாலம்:
வந்துவிட்டேன். டீச்சர் சொன்னதற்கு முதலில்.

டீச்சர், நீங்கள் சொல்கிற பையனைப் போல இங்கேயும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் கெட்டது சனிக்கிழமை மலை ஏறியதால் என்று நான் நம்பவில்லை. நான் பார்த்தவரை பாதிப் பேர் கெடுவது வேலையால். படிக்கிற காலத்தில் ஒரு வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம் என்று 2024 மார்ச்சிலிருந்து விதி. அதுவே கொஞ்சம் தாராளம். கடன் வட்டி ஏறுகிறது, வீட்டில் கேட்கக் கூச்சம், உடனே குடோனில் இரவு ஷிஃப்ட், பார்சல் பிரிப்பது, சைக்கிளில் சாப்பாடு கொண்டு போவது. விடியற்காலை மூன்றரைக்கு வந்து படுத்தால் 9:20 வகுப்புக்கு யார் போவார்கள்? அட்டென்டன்ஸ் இல்லையே, யாரும் கேட்கவும் மாட்டார்கள். இந்தப் பிள்ளைகள் வீட்டுக்குப் போட்டோவே அனுப்ப மாட்டார்கள் மாமா. அனுப்ப என்ன இருக்கிறது, குடோன் சுவரா? மகள் வாரம் முழுக்கப் படம் அனுப்புகிறாள் என்றால், நாலு பேரோடு பழகுகிறாள், பகலில் விழித்திருக்கிறாள், ராத்திரி தூங்குகிறாள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டு வாரம் படம் வராவிட்டால்தான் கவலைப்படுவேன்.

டீச்சர் சொன்ன "தள்ளுகிற ஆள் இல்லை" என்பது நிஜமான பிரச்சினைதான். அதற்கு அப்பா கேட்க வேண்டிய கேள்வி வேறு. "இன்று கிளாஸ் உண்டா" என்று கேட்டால் ஒன்றும் தெரியாது. "பரீட்சைக்குப் பதிவு பண்ணியாச்சா, எத்தனை பாடத்துக்கு" என்று கேளுங்கள். இங்கே பரீட்சைக்கு நாமே ஆன்லைனில் குறிப்பிட்ட தேதிக்குள் பதிவு பண்ண வேண்டும், தவறவிட்டால் அந்த முறை எழுத முடியாது, யாரும் கூப்பிட்டு நினைவுபடுத்தவும் மாட்டார்கள். மெதுவாகப் பின்தங்குகிறவர்கள் முதலில் செய்கிற வேலை ஒரு பாடத்துக்குப் பதிவு செய்யாமல் "அடுத்த செமஸ்டரில் பார்த்துக்கொள்ளலாம்" என்பதுதான்.

இனி அந்தச் செங்கல் பாலம். கெம்னிட்ஸிலிருந்து ரயிலில் போகிற தூரத்தில் இருக்கிற பெரிய செங்கல் பாலம் என்றால் அது அநேகமாக கோல்ட்ஷ் பள்ளத்தாக்குப் பாலமாகத்தான் இருக்கும், நானும் போயிருக்கிறேன். செங்கலில் கட்டிய பாலங்களில் உலகிலேயே பெரியது. 574 மீட்டர் நீளம், 78 மீட்டர் உயரம், நாலு அடுக்கில் 98 வளைவு, இரண்டு கோடியே அறுபது லட்சம் செங்கல். 1846-ல் தொடங்கி 1851-ல் முடித்தார்கள். இன்றைக்கும் ரயில் அதன் மேல்தான் போகிறது. நம்ம மாத்தூர் தொட்டிப்பாலம் 28 தூணில் 115 அடி உயரம், சின்ன வயதில் அதுதான் எனக்கு உலகத்திலேயே உயரமான பாலம். இது 256 அடி. கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது.

அந்தப் பாலத்துக்கு முதலில் போட்டி வைத்தார்கள், 81 பேர் வரைபடம் அனுப்பினார்கள். எடையைத் தாங்கும் என்று கணக்குப் போட்டு நிரூபித்தவர் ஒருத்தரும் இல்லை. பரிசுக் குழுத் தலைவர் ஆண்ட்ரியாஸ் ஷூபர்ட், டிரெஸ்டன் பேராசிரியர், கடைசியில் அவரே உட்கார்ந்து வடிவமைத்தார், ஒவ்வொரு பகுதிக்கும் வரும் பாரத்தைக் கணக்குப் போட்டு. இன்னொன்று, மாமா, மகள் மெக்கானிக்கல் என்றீர்களே, ஜெர்மனியில் கட்டி ஓடவிட்ட முதல் நீராவி ரயில் எஞ்சினான சாக்சோனியாவை 1838-ல் செய்தவரும் இதே ஷூபர்ட்தான். அந்தச் சனிக்கிழமை அவள் பார்த்துவிட்டு வந்தது சிலபஸுக்கு வெளியே ஒன்றும் இல்லை.

செலவு? எனக்கு செமஸ்டர் கட்டணத்திலேயே நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ், டிராமில் போகிற டிக்கெட் சேர்ந்துவிடுகிறது. வேக ரயிலில் மட்டும் ஏற முடியாது. மகளுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், கேட்டுப் பாருங்கள். கையில் சோறு கட்டிக்கொண்டு போனால் அன்றைய நாள் செலவு ஒரு காப்பி.

நாகர்கோவில் டீச்சர்:
//கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது//
மாத்தூர் 1966-ல் கட்டியது தம்பி, பறளியாற்றைத் தாண்டித் தண்ணீரை ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றுக்குக் கொண்டு போய், விளவங்கோடு கல்குளம் வயல்களுக்குப் பாயவிட்டது. ரயிலை விடத் தண்ணீர் முக்கியம், கோபம் வேண்டாம்.

பதிவு பற்றிச் சொன்னது எனக்கே புதிது, என் பழைய மாணவர்களுக்கு அனுப்பிவிட்டேன். வேலை பற்றி நீங்கள் சொன்னதோடு ஒத்துப்போகிறேன், பாதி. மீதிப் பாதி, வேலைக்கும் போகாமல் ஊரும் சுற்றாமல் அறைக்குள்ளேயே போனை வைத்துக்கொண்டு கிடக்கிற பிள்ளைகள். குளிர் காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும் என்கிறார்கள், கன்னியாகுமரிக்காரப் பிள்ளைக்கு அது லேசான விஷயம் இல்லை. ஒரு சந்தேகம், 2024 செப்டம்பரில் டிரெஸ்டனில் ஒரு பாலம் ஆற்றில் விழுந்ததே, அது உங்கள் வகுப்பில் வந்ததா?

மாத்தூர் தொட்டிப்பாலம்:
வராமல் இருக்குமா டீச்சர். கரோலா பாலம், செப்டம்பர் 11 விடியற்காலை. டிராம் தண்டவாளம் போகிற பகுதிதான் விழுந்தது, கடைசி டிராம் போய்ச் சில நிமிஷத்தில். யாருக்கும் அடி இல்லை. 1971-ல் முடித்த முன்தகைவுக் கான்கிரீட் பாலம், உள்ளே இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பிகள் ஹைட்ரஜன் புகுந்து விரிசல் விட்டிருக்கின்றன, அந்தச் சேதம் கட்டும் காலத்திலேயே தொடங்கியிருக்கிறது என்று ஆய்வில் சொன்னார்கள். ஆராய்ந்த நிபுணர் எங்கள் பல்கலைப் பேராசிரியர். இப்போது எந்த வாத்தியார் முன்தகைவு பற்றிப் பேசினாலும் அங்கே வந்துதான் நிற்பார். நம்ம ஊரில் ஒன்று இடிந்தால் காண்ட்ராக்டரைத் திட்டுவதோடு முடியும். இங்கே கம்பியை வெட்டி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்து, படத்தோடு வெளியிட்டு, அதைப் பாடமாகவும் நடத்துகிறார்கள்.

வடசேரி சந்தை:
எல்லாரும் பாலத்துக்குப் போய்விட்டீர்கள். கோப்பை என்ன ஆச்சு?

மாத்தூர் தொட்டிப்பாலம்:
அண்ணே, அந்தச் சந்தையில் மசாலா போட்டுச் சூடாக்கிய ஒயின் விற்பார்கள், உண்மைதான். அதே கடையில் பழச்சாற்றில் அதே மசாலா போட்டுச் சூடாக்கி, குழந்தைகள் குடிக்கிறதும் விற்பார்கள், கோப்பை இரண்டுக்கும் ஒன்றுதான். மகள் கையில் இருந்தது எது என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, தெரிந்து நாம் என்ன செய்யப்போகிறோம். அந்தப் பிள்ளைக்கு வயது இருபத்திரண்டாவது இருக்கும். கோப்பைக்கு முன்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும், மாமா, அந்தக் கணக்கையும் சேர்த்து அவள் ஒழுங்காகப் பார்க்கிறாளா என்று வேண்டுமானால் கேளுங்கள். எங்கள் ஊர் டிரெஸ்டன் சந்தை 1434-லிருந்து நடக்கிறது, கெம்னிட்ஸ் பக்கம் மலை ஊர்களில் இன்னும் அழகு. ஜன்னலுக்கு ஜன்னல் மரத்தில் வளைவு செய்து மெழுகுவர்த்தி மாதிரி விளக்கு வைப்பார்கள், சுரங்கத் தொழிலாளர் ஊர்கள் அவை. அதைப் பார்க்க நுழைவுக் கட்டணம் ஒன்றும் கிடையாது.

தேங்காய்ப்பட்டணம் சாளை:
ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்காதது?

குளச்சல் நர்ஸ் அக்கா:
ஞாயிறு இந்த ஊரில் கடை எல்லாம் அடைப்பு, சூப்பர் மார்க்கெட்கூட. சனிக்கிழமை வாங்கி வைக்காவிட்டால் பட்டினிதான். பிள்ளை முந்தின நாள் முழுக்க நடந்திருக்கும், ஞாயிறு தூங்கியிருக்கும். இப்போது நேர வித்தியாசம் நாலரை மணி நேரம், அண்ணாச்சி காலை ஒன்பது மணிக்கு போன் அடித்தால் அங்கே நாலரை. நானே எடுக்க மாட்டேன்.

திருவட்டார் அப்பா:
எல்லாரும் இவ்வளவு நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி. ஒன்பது மணிக்குத்தான் அடித்தேன், குர்பானா (சர்ச் பூசை) முடிந்து வந்ததும்.

நேற்று அவளிடம் தம்பி சொன்ன மாதிரி பரீட்சைப் பதிவைப் பற்றிக் கேட்டேன். "அப்பாவுக்கு இதெல்லாம் யார் சொன்னது" என்று ஒரு நிமிஷம் பேச்சே இல்லை. ஐந்து பாடம் இருக்கிறது, நாலுக்குப் பதிவு பண்ணியிருக்கிறாள், ஐந்தாவதுக்குத் தேதி இன்னும் இருக்கிறதாம், பண்ணுகிறேன் என்றாள். அந்த ஐந்தாவதைத்தான் இனி கேட்டுக்கொண்டிருப்பேன். பாலம் பற்றியும் கேட்டேன், ஷூபர்ட் விஷயம் அவளுக்குத் தெரியவில்லை, நான் சொன்னேன். வீட்டுக்காரி பக்கத்தில் நின்று சிரிக்கிறாள்.

கடைசியாக ஒன்று. சொந்தக்காரப் பையன் ஒருவன் ஜனவரியில் திருவனந்தபுரத்திலிருந்து அந்தப் பக்கம் போகிறான், அவன் கையில் என்னென்ன கொடுத்து விடலாம்? அவள் அம்மா நெய், மட்டிப்பழம், ஏத்தன் சிப்ஸ், கறிவேப்பிலை, கருவாடு என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறாள்.

குளச்சல் நர்ஸ் அக்கா:
நெய் வேண்டாம், பால், இறைச்சி சம்பந்தமான எதையும் வெளியிலிருந்து கொண்டுவர விட மாட்டார்கள், விமான நிலையத்திலேயே எடுத்துப் போட்டுவிடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவரச் சான்றிதழ் கேட்பார்கள், அதுவும் வேண்டாம். சிப்ஸ் தாராளமாக. பழங்களில் வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன் இந்த ஐந்துக்கும் சான்றிதழ் தேவையில்லை, அதனால் மட்டி கொடுக்கலாம், நன்றாகக் காயாக இருக்கும்போதே கொடுங்கள். மீன் தனக்குச் சாப்பிட 20 கிலோ வரை கொண்டுவரலாம், கருவாடும் அதில் வரும். ஆனால் அந்தப் பையன் சம்மதிப்பானா என்று முதலில் கேளுங்கள்.

திருவட்டார் அப்பா:
பையன் சம்மதிக்கவில்லை. மட்டியும் சிப்ஸும் மட்டும் போகிறது.